கல்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

2024 பிப்ரவரி 11 (கேள்வி)

ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இந்த இணைய இழையில் கேட்டது: "அண்ணா, எங்க தோட்டத்துக் கிணறு நாலு வருசமாப் பங்குனியிலயே காஞ்சு போகுதுங்க. கல்குவாரி 700 மீட்டர் தள்ளி இருக்குது. கருத்துக்கேட்புக் கூட்டத்துல கேட்டா, 300 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க போர்வெல் போடுற வண்டியில இருந்தவருதானே, இது நெசமுங்களா?"

பிப்ரவரி 12

அந்த 300 மீட்டர் குடியிருப்புக்கான தூரம். சிறுகனிமச் சலுகை விதிகளில் இருப்பது. வெடி வைத்தால் கல் பறக்கும், சுவர் அதிரும், தூசு வரும். அதற்குத்தான் அந்தத் தூரம் பொருந்தும். நிலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீருக்கு 300 மீட்டரும் தெரியாது, 3 கிலோமீட்டரும் தெரியாது. வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே போகும்.

பதினோரு வருடம் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் இருந்தேன். காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று எங்கே துளை போட்டாலும் ஏறக்குறைய ஒரே அடுக்குத்தான். மேலே செம்மண். அப்புறம் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான்கல். அப்புறம் கையால் பிட்டால் உதிர்கிற உளுத்த பாறை. அதுவரைக்கும் துளை சரியாமல் காக்கிற கேசிங் பைப் இறங்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. பாறையை இடிக்கிற ஹேமர் இறங்க இறங்க வெள்ளைப் பொடி புகையாய்க் கிளம்பும். இருநூறு அடி, முந்நூறு அடி, ஒரே வெள்ளை. வண்டியே மாவு மில்லில் இருந்து வந்தது போல இருக்கும். திடீரென்று பொடி பழுப்பாகும். அப்போது வெளியே வருகிற சில்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நாலு முகம் புதிதாய் உடைந்த வெள்ளை, ஒரு முகம் மட்டும் துருப்பிடித்த தகரத்தின் நிறம். அந்த ஒரு முகம்தான் வெடிப்பின் சுவர். தண்ணீர் காலகாலமாய் அந்த வழியே போய் வந்து, பாறையிலுள்ள இரும்பைத் துருவாக்கி வைத்திருக்கிறது. டிரில்லர் "கேப் வருது" என்பார், வெடிப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். அடுத்த ராடு இறங்குவதற்குள் புகை அடங்கிச் சேறு பீச்சும்.

ஆக, உங்கள் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் உளுத்த பாறையில் தேங்கி நிற்பது ஒன்று, இந்த வெடிப்புகளில் ஓடி வருவது ஒன்று. குவாரிக்காரர் முதலில் வழித்து எடுப்பது உளுத்த பாறையை. பிறகு 100 அடி, 150 அடி என்று கீழே போய் வெடிப்புகளைக் குறுக்கே வெட்டுகிறார். வெட்டுப்பட்ட வெடிப்பு குழியின் சுவரில் வாய் திறந்து ஒழுகும். அதை மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துவிடுவார்கள். அந்த வெடிப்பின் மறுமுனை உங்கள் கிணற்றில் இருந்தால் 700 மீட்டர் ஒரு தூரமே இல்லை. இல்லாவிட்டால் 100 மீட்டரிலும் ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 12, இரவு

"தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தால் அந்த வெடிப்பு தெரியாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் 900 அடி புகை மட்டும் வந்ததையும் பார்த்திருக்கிறேன், ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்ததையும் பார்த்திருக்கிறேன். தேங்காய்க்காரர் இரண்டு தடவையும் அந்தத் தேங்காயைச் சட்னிக்குக் கேட்டார்.

பிப்ரவரி 15

பாறைக்குள் எவ்வளவு தண்ணீர்தான் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூர் உளுத்த பாறையிலிருந்து வடிக்க முடிகிற தண்ணீர் அதன் கனஅளவில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நீர்மட்டம் பத்தடி இறங்கினால் வெளியேறிய தண்ணீர் 8,712 கனஅடி. லிட்டரில் இரண்டரை லட்சம். 12,000 லிட்டர் லாரியில் இருபது லோடு. கெட்டிப் பாறைக்கு இறங்கிவிட்டால் நூற்றுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு தேறினால் அதிகம். அதே பத்தடிக்கு இரண்டரை முதல் ஐந்து லோடு.

குழியிலிருந்து ஒரு 5 எச்.பி. மோட்டார் விநாடிக்கு 5 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் இறைத்தால் ஒரு நாளைக்கு 1,44,000 லிட்டர். இரண்டு நாளில் ஒரு ஏக்கருக்குப் பத்தடி காலி. வானம் பார்த்து நிற்கிற, வருடத்துக்கு 700 மில்லிமீட்டர்கூட முழுதாய்ப் பெய்யாத ஊரில், பெய்வதில் பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்குகிறது. இறைத்ததை எப்போது நிரப்புவது?

(கணக்கைப் போட்டு முடித்ததும் எங்கள் தோட்டத்து மோட்டார் எத்தனை எச்.பி. என்று ஞாபகம் வந்தது. 7½. அதைப் பற்றிப் பிறகு.)

பிப்ரவரி 27

வெடி பற்றிக் கேட்கிறீர்கள். குவாரியில் வெடி வைக்க வைக்கப் பாறை கிலோமீட்டர் கணக்கில் பிளந்து, கிணற்று ஊற்று எல்லாம் அடியில் இறங்கிவிடுகிறது. எங்கள் அப்பாரு காலத்திலிருந்தே சொல்வதுதான்.

மார்ச் 3

மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். அப்பாரு சொன்னார் என்பதற்காக எழுதிவிட்டேன். வெடியில் புதிதாய் விழுகிற விரிசல் குழிச் சுவரைச் சுற்றிச் சில மீட்டர்தான். அதோடு, மேலே அமுக்கிக்கொண்டிருந்த பாறையை எடுத்துவிட்டதால் ஏற்கெனவே இருந்த வெடிப்புகள் குழியோரத்தில் கொஞ்சம் வாய் விரியும். இதுவும் சின்ன விஷயமில்லை. வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடுகிற தண்ணீர் எட்டு மடங்கு ஆகும். ஆனால் விரிவது குழியோரத்தில். கிணற்றடியில் அல்ல. வெடி வைத்த மறுநாள் கிணறு கலங்குவதைப் பார்த்திருக்கிறேன், அது அதிர்வில் வண்டல் கிளம்புவது. ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

கிணறு வற்றுவது வெடியால் அல்ல, இறைப்பதால். வெடிக்குச் சத்தம் இருப்பதால் பழி அதற்குப் போகிறது.

மே 19

கையும் களவுமாய்ப் பிடித்துவிட்டேன்! எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் குவாரிக் குழித் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். (எங்கள் தோட்டத்துக்கு மேற்கே 900 மீட்டரில் ஒரு குவாரி இருக்கிறது, முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.) குழியில் நைட்ரேட் லிட்டருக்கு 60 மில்லிகிராம். எங்கள் கிணற்றில் 70. குடிநீருக்கு எல்லை 45. குவாரி வெடிமருந்து என்பது பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்தது. எரியாமல் மிஞ்சுகிற உப்பு தண்ணீரில் கரைந்து வருகிறது. வேறு சாட்சி வேண்டுமா?

மே 20

ஒருவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்: "குழியில் இருப்பதைவிட உங்கள் கிணற்றில் எப்படிங்க அதிகமா இருக்கும்?"

மே 26

ஒரு வாரமாய் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். எங்கள் கட்டுத்தாரை கிணற்றிலிருந்து நாற்பதடி. ஆறு மாடு, இரண்டு கன்று, முப்பது வருடச் சாணமும் கோமியமும். அதுபோக யூரியா. நைட்ரேட்டுக்கு இத்தனை வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்க, நான் 900 மீட்டர் தள்ளி வெடிமருந்தைத் தேடிப் போயிருக்கிறேன். குழித் தண்ணீரில் வெடிமருந்தின் நைட்ரேட் இருக்கக்கூடும். அது எங்கள் கிணற்றுக்கு வந்ததா என்று இந்தச் சோதனை சொல்லாது. வீட்டம்மா படித்துவிட்டு, "மொதல்ல எருக்குழிய நகத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 14

மாமன் வீட்டுக்குச் சேலம் போயிருந்தேன். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள் இருக்கிற பகுதி. நம் ஊர்ப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே அடியில் இருப்பது மெக்னீசியம் மிகுந்த கரும்பச்சைப் பாறை. கரியமில வாயு கலந்த தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் ஊறி ஊறி, மெக்னீசியத்தைக் கரைத்து, அதே வெடிப்புகளில் வெள்ளை வெளேரென்று மேக்னசைட்டாய்ப் படிய வைத்திருக்கிறது. கரும்பச்சைப் பாறையில் வலைப்பின்னல் மாதிரி வெள்ளை நரம்புகள். பாறைக்குள் தண்ணீர் எந்தெந்த வழியில் போனது என்பதற்கு யாரோ சுண்ணாம்பில் வரைந்து வைத்த படம் போல இருக்கிறது. நான் பதினோரு வருடம் சில்லுச் சில்லாய்ப் பார்த்ததை அங்கே முழுச் சுவராய்ப் பார்த்தேன்.

சுரங்கமே இல்லாவிட்டாலும் அந்தப் பாறைக் கிணற்றுத் தண்ணீரில் மெக்னீசியம் இருக்கத்தான் செய்யும். அத்தை சோப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில நொரை வந்தா நான் உனக்குப் பொன்னு வாங்கித் தாரேன்" என்றார். துவரம் பருப்பு குக்கரில் ஐந்து விசில் வந்தும் முழுசு முழுசாய்க் கிடந்தது. பருப்புக்கு ஆற்றுத் தண்ணீர், மற்றதற்கெல்லாம் கிணற்றுச் சப்பைத் தண்ணீர் என்று இரண்டு குடம். கல்லை எடுத்ததால் தண்ணீர் கெட்டது என்று அங்கே சொன்னால், கல் இருப்பதாலேயே அது அப்படித்தான் என்ற பதிலும் வரும். சுரங்கம் தொடங்குமுன் எடுத்த சோதனைத் தாள் கையில் இல்லாதவரை இந்த வழக்கு தீராது. குவாரி புதிதாய் வரப்போகிற ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பெரிய செலவு ஆகாது.

ஜூலை 15

"சுரங்கத் தண்ணீர் புளிக்குமாமே, அமிலமாமே?" ஆம், பாறையில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் நிறைய இருந்தால். காற்றும் தண்ணீரும் பட்டதும் கந்தக அமிலமாகும். நிலக்கரி, உலோகச் சுரங்கங்களில் அது பெரிய தலைவலி. நம்மூர் ஜல்லிக் குவாரியில் அதற்கான சரக்கு பெரும்பாலும் இல்லை. மதுக்கரை மாதிரிச் சுண்ணாம்புக்கல் ஓடுகிற இடத்தில் கொஞ்சநஞ்ச அமிலம் வந்தாலும் கல்லே அதைத் தின்றுவிடும். தண்ணீர் கடினமாகும், புளிக்காது.

2025 ஜனவரி 20

நைட்ரேட்டில் மூக்குடைபட்டபின் வேறு வழி யோசித்தேன். பொங்கலுக்குக் குவாரி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பத்து நாள் இறைப்பு இல்லை. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி, தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிணற்றில் விட்டு அளந்தேன். ஒன்பது நாளில் தண்ணீர் நாலடி ஏறியிருக்கிறது!

ஜனவரி 21

பங்காளி ஒருத்தன் போன் செய்தான். "பொங்கல்ல நீ மோட்டாரு போட்டியா?" போடவில்லை. "நான் போட்டனா?" இல்லை. "ஊர்ல எவனாச்சும் போட்டானா?"

சரி. அதுவும் போயிற்று.

மார்ச் 23

இந்தத் தடவை யாரும் குறுக்கே பேச முடியாது என்று நினைக்கிறேன். நடைச்சீட்டுச் (கல் ஏற்றிப் போகிற அனுமதிச் சீட்டு) சிக்கல் என்று இங்கே குவாரி பன்னிரண்டு நாள் நின்றது. இறைப்பும் நின்றது. பங்குனி வெயில், மழை ஒரு சொட்டு இல்லை, தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் வழக்கம்போல ஓடின. இரண்டு கிணற்றில் அளந்தேன். எங்களுடையது குவாரிக்குக் கிழக்கே 900 மீட்டர். பெரியப்பா வீட்டு அண்ணனுடையது தெற்கே 350 மீட்டர்.

எங்கள் கிணறு இரண்டே கால் அடி ஏறியது. அண்ணன் கிணற்றில் அரை அடி இறங்கியது. குவாரி திரும்ப ஓட ஆரம்பித்த ஆறாம் நாள் எங்களுடையது பழைய முடிச்சுக்கே வந்துவிட்டது.

கிட்டத்தில் இருக்கிற கிணற்றுக்குக் குவாரி நின்றதே தெரியவில்லை. தூரத்தில் இருப்பது உடனே மூச்சு விட்டது. அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குவாரி எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

மார்ச் 30

ஏன் என்று பார்க்கக் குழிக்குள் இறங்கினேன். மேஸ்திரி தெரிந்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் விட்டார்.

வடக்குச் சுவர் காய்ந்து கிடந்தது. தெற்குச் சுவரும் அப்படியே. கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஆளுயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு. அதன் இரண்டு ஓரத்திலும் அதே துரு நிறம். விரலை வைத்தால் சில்லென்று இருந்தது, தண்ணீர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. சுவரில் பாசி, கீழே ஒரு தவளை. வெங்கச்சங்கல் நொறுங்குகிற சாதி. பாறை அசையும்போது அதுதான் முதலில் உடையும், அதனால் வெடிப்பு அதனூடேதான் அதிகம். நம் பக்கம் பாறையின் வரி பெரும்பாலும் கிழக்கு மேற்காய் ஓடுகிறது. இந்த நரம்பும் அப்படியே எங்கள் தோட்டத்தைப் பார்த்துப் போகிறது.

தெற்கே என்ன? குவாரிக்கும் அண்ணன் கிணற்றுக்கும் நடுவே கருப்புக் குண்டுக்கல் வரிசையாய் ஒரு கரடு கிழக்கு மேற்காய்ப் போகும். சின்ன வயதில் அதில்தான் ஓணான் அடிப்போம். அது டைக். பழைய பாறையின் பிளவில் உருகிய குழம்பு ஏறி உறைந்த கருங்கல் சுவர். கீழே எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுக்கும் அது தண்ணீருக்கு அணை. வெடிப்பு இல்லாத டைக் என்றால் ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போகாது. அண்ணன் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்பதற்கு அவர் குலதெய்வத்தைச் சொல்வார். கும்பிடட்டும், கருங்கல்லுக்கும் ஒரு சூடம் காட்டலாம்.

ஏப்ரல் 6

படியூர் பற்றி ஒருவர் எடுத்துக்கொடுத்தார், இழை திசை மாறினாலும் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் 1819, 1820 வாக்கில் வெள்ளைக்காரர்கள் நீலப்பச்சை மணிக்கல் தோண்டினார்கள். அதற்குப் பல நூறு வருடம் முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் அதைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் இருப்பதும் இப்படிப் பாறைப் பிளவில் ஏறி உறைந்த நரம்பில்தான். கல் தேடுகிறவனும் தண்ணீர் தேடுகிறவனும் கடைசியில் ஒரே பிளவைத்தான் தேடுகிறார்கள். மழை விட்டதும் கரட்டில் குனிந்தபடி நடப்பவர்கள் இன்றைக்கும் எங்கள் பக்கம் உண்டு.

ஜூன் 8

இதை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

எங்கள் கிணறு குறைந்தபோது 2021இல் 850 அடி போர் போட்டோம். வண்டியில் இருந்தவன் வீட்டிலேயே போர் தோற்கக் கூடாது என்று நானே நின்று ஓட்டினேன். 640இல் கேப், ஒரு இஞ்ச் தண்ணீர். சந்தோஷமாய் அதையே குடித்தோம். போன மாதம் அண்ணன் பேத்தி சிரித்தபோது பார்த்தேன். முன்பற்களில் பழுப்புக் கோடு. போர் போட்ட நாளிலிருந்தே அந்தக் குழந்தை எங்கள் வீட்டில்தான் வளர்கிறது. போர்த் தண்ணீரைச் சோதித்தால் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். எல்லை 1, வேறு வழியே இல்லை என்றால் 1.5. பழைய கிணற்றில் 0.8தான்.

முதலில் குவாரிதான் விஷத்தைக் கலந்துவிட்டது என்று கோபம் வந்தது. ஆனால் ஃபுளோரைடு வருவது பாறையிலேயே இருக்கிற கருப்பு அபிரகம், அபடைட் மாதிரியான கனிமங்களிலிருந்து. ஆழத்தில் தண்ணீர் எத்தனையோ காலம் பாறையோடு பாறையாய்க் கிடக்கிறது. கிடக்கக் கிடக்க அதிலுள்ள கால்சியம் படிந்து குறையும், சோடியம் ஏறும். கால்சியம் இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைக்கும். அது குறைந்ததும் ஃபுளோரைடு தண்ணீரில் தங்கிவிடும். மேல் கிணற்றில் ஊறுவது போன வருடத்து மழை, முந்தின வருடத்து மழை. அதற்குக் கெட்டுப்போக நேரமில்லை.

இந்த ஃபுளோரைடைக் குவாரி எங்கள் தண்ணீரில் கலக்கவில்லை. மேலே இருந்த புதுத் தண்ணீரை வடித்துவிட்டது, நாங்கள் கீழே இருந்த பழைய தண்ணீருக்குப் போனோம். அளவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிரச்சினைதான் தரமாய் மாறி வந்திருக்கிறது. குழித் தண்ணீரைச் சோதித்தால் இது எந்தத் தாளிலும் வராது, இந்தக் கேடு குழித் தண்ணீரில் இல்லை.

வடித்தது குவாரி மட்டும் என்றும் எழுத முடியவில்லை. எங்கள் தோட்டத்து 7½ எச்.பி. மோட்டார் போன வருடப் பிப்ரவரியிலேயே பதில் கேட்டது.

கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்பவர்களுக்கு: போகாது, தண்ணீர் சுண்டிச் சுண்டி இன்னும் ஏறும். குடிக்கவும் சமைக்கவும் இப்போது கூட்டுக்குடிநீர்க் குழாய்த் தண்ணீர். போர்த் தண்ணீர் தென்னைக்கு.

ஜூன் 10

"நெய்வேலியில் சுரங்கத்துக்காக அவ்வளவு தண்ணீர் இறைக்கிறார்களே, அங்கேயும் இதேதானா?" இல்லை. அங்கே பாறை வெடிப்பு இல்லை, மணற்படிவம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிய்த்துக்கொண்டு பொங்கும். நம்மூரில் குழிக்குள் தண்ணீர் பக்கச் சுவரில் கசியும், அங்கே கீழிருந்து முட்டும். மணலில் தண்ணீர் எல்லாப் பக்கமும் பரவிப் போவதால் தூரக் கணக்கும் அங்கே ஓரளவு செல்லும்.

நவம்பர் 16

குத்தகை முடிந்து குவாரி மூடியாயிற்று. இரண்டு மாத மழையில் குழி பாதி நிறைந்திருக்கிறது, பச்சை நிறத்தில் பார்க்க அழகாகவே இருக்கிறது. எங்கள் கிணறு ஆறடி ஏறியது. ஊரில் எல்லோரும் இதைக் குளம் என்கிறார்கள், அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் குளம் நிரப்புவது மாதிரி இதையும் நிரப்பிவிட்டால் என்ன என்கிறார்கள்.

எனக்கு இரண்டு மனதாய் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடாதே என்று விவசாயிகள் சண்டை போட்டது எதற்கு? மண் கரையில் கசிகிற தண்ணீர்தான் அந்தப் பக்கத்துக் கிணறுகளை நிரப்புகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் மண்ணிலும் உளுத்த பாறையிலும் வடிகட்டி இறங்குகிறது. குவாரிக் குழியில் வடிகட்ட ஒன்றுமே மிச்சமில்லை, எல்லாவற்றையும் வழித்தாயிற்று. குழியில் விழுவது வெங்கச்சங்கல் நரம்பு வழியே நேராய் என் கிணற்றுக்கு வரும். போன வாரம் யாரோ அதில் கோழிக் கழிவு மூட்டை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இறைக்கும்வரை தண்ணீர் கிணற்றிலிருந்து குழிக்குப் போனது, இப்போது குழியிலிருந்து கிணற்றுக்கு. அதுபோக, வெயிலில் வருடத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகும் ஊர் இது. பெய்வது அதில் பாதிகூட இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் வராவிட்டால் குழியில் உப்புத்தான் ஏறும்.

கயிற்றோடு இப்போது, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

டிசம்பர் 7

கேள்வி கேட்ட தம்பி வீட்டுக்கு ஒரு வழியாய் ஊத்துக்குளிப் பக்கம் போய்வந்தேன். இழை தொடங்கி ஏறத்தாழ இரண்டு வருடம். வெண்ணெயும் மோரும் கொடுத்தார்கள்.

அங்கே குவாரிச் சுவர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். கசிவு இல்லை, துரு இல்லை, பாசி இல்லை. மழைத் தண்ணீர் தவிர அதில் இறைக்க ஒன்றும் இருந்ததில்லை என்று ஆட்களும் சொன்னார்கள். சுவரைப் பார்த்தால் எனக்கும் அது பொய்யாய்த் தெரியவில்லை. அவர் கிணற்றடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நூற்றிருபதடியில் கேசிங் பைப் ஒன்று தெரிந்தது. 1,100 அடி, ஆறு வருடம் முன்பு போட்டது, 10 எச்.பி. அதை நிறுத்தச் சொல்லி மூன்று நாள் கயிறு விட்டுப் பார்க்கலாம் என்றேன்.

தம்பி தலையைச் சொறிந்தார். போர் அவருடைய தாய்மாமனுடையதாம், பெண் எடுத்த வீடும் அதுவேதானாம். "அண்ணா, இத மட்டும் அங்க எழுதிப் போட்டுறாதீங்க" என்றார்.

ஊர்ப் பேர் எழுதவில்லை தம்பி. ஊத்துக்குளிப் பக்கம் என்றுதான் இருக்கிறது.